சகலைக்குச் சில தப்பான கருத்துகள்

ஜனவரி 18

அன்புள்ள சகலைக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். போகட்டும். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. உங்கள் புது முகவரியைப் பழைய கம்பெனி சூப்பர்வைசரிடம் வாங்கினேன். அவரைத் திட்டாதீர்கள். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் இப்போது என்னிடம்தான் கார் கற்றுக்கொள்கிறார். லாரி எதிரே வரும்போது கேட்டால் மனிதர் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்.

முக்கியமான விஷயம் ஒன்று சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்று இங்கே அத்தை வீட்டில் பழைய கேம் செட்டை டிவியில் மாட்டிக் கட்டை ஆட்டம் ஆடினேன். ஆடி முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். கட்டை ஆட்டம் ஒரு மொக்கை ஆட்டம். மேலிருந்து கட்டை விழுகிறது, நாம் திருப்பித் திருப்பி அடுக்குகிறோம், வரிசை நிறைந்தால் காணாமல் போகிறது. கதை இல்லை, எதிரி இல்லை, முடிவும் இல்லை. ஜெயிக்கவே முடியாத ஒன்றை மனிதன் எதற்கு ஆட வேண்டும்? எனக்குக் கல்யாணமான புதிதில் இதைத்தானே உலகத்திலேயே பெரிய ஆட்டம் என்று மணிக்கணக்காக வகுப்பெடுத்தீர்கள்! என்னைக் கேட்டால் அது மூட்டை அடுக்கும் வேலை. நீளக் கட்டைக்குக் காத்திருப்பது பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி. வேண்டும்போது வராது, வேண்டாதபோது இரண்டு சேர்ந்து வரும். அந்தப் பாட்டு வேறு, காது புளித்துவிட்டது.

இது என் சொந்தக் கருத்து. மாற்றிக்கொள்வதாக இல்லை.

வீட்டில் எல்லோரும் நலம். அத்தை முட்டிவலியோடு நலம். உங்கள் கொழுந்தியா, அதாவது என் வீட்டுக்காரி குட்டி, என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். போன வாரம் அத்தை துணி மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, பெரிய மாப்பிள்ளை இனிமே நம்ம வீட்டுக்கு வரவே மாட்டாரா? மக போயிட்டா மருமகனும் போயிடுவாரா?" பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

அந்த கேம் கேசட் விஷயத்தில் என் மேல் உள்ள கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளுங்கள், நியாயம்தான். அவர்கள் இருவரும் என்ன செய்தார்கள்? உங்கள் வீட்டுக்காரியை, அண்ணியைத்தான் இழந்தார்கள். உங்களையும் சேர்த்து இழக்க வேண்டுமா?

கட்டை ஆட்டம் மொக்கை. இன்னொரு தடவையும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன சகலை


ஜனவரி 31

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுதுவதாக இல்லை. ஆனால் அதில் ஒரு தவறு இருப்பதால் திருத்த வேண்டியிருக்கிறது.

கட்டை ஆட்டத்துக்கு முடிவு இல்லை என்பது குறை அல்ல. நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கும் முடிவு கிடையாது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். எந்த லிஃப்டையும் நாங்கள் ஜெயித்ததில்லை. இன்றைக்கு நடுவில் நிற்காமல் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். அந்த ஆட்டமும் அப்படியே. கீழே இருப்பது உயராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓரத்தில் ஒரு பள்ளத்தைத் திறந்து வைத்துவிட்டு நீளக் கட்டை வரும், நாலு வரிசையும் ஒரேயடியாகப் போகும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு ஆட்டம் தெரியாது, ஆசை மட்டும்தான் தெரியும். தாங்கள் எப்போதும் அப்படித்தான் ஆடுவீர்கள். வருவதை வைத்து அடுக்கத் தெரிய வேண்டும். பாட்டு பிடிக்கவில்லை என்றால் டிவியில் சத்தத்தைக் குறைக்க பட்டன் இருக்கிறது.

கேசட்டை ஊதிப் போட்டீர்களா? ஊதக்கூடாது. எச்சில் ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் பட்டைகள் கறுத்துப்போகும். கழற்றித் திரும்பச் செருகினாலே போதும். ஊதியதால்தான் வேலை செய்தது என்று ஊரெல்லாம் நம்புகிறது.

அத்தை முட்டிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைத் தட்டிக்கழிப்பார். விடக்கூடாது. மற்ற விஷயங்களுக்கு என்னிடம் பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
மேற்கண்ட முகவரியில் இருப்பவர்


பிப்ரவரி 8

அன்புள்ள சகலைக்கு,

மாட்டினீர்களா!

ஊரே வந்து கெஞ்சினாலும் வாய் திறக்க மாட்டீர்கள். ஆனால் ஒருத்தன் ஆட்டத்தைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து வந்துவிடுவீர்கள். எனக்குத் தெரியாதா? 'மேற்கண்ட முகவரியில் இருப்பவர்' என்பதைப் படித்ததும் குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் அவள் சிரித்து எவ்வளவோ நாளாகிறது. அத்தை உங்கள் கடிதத்தில் தன் முட்டி வரும் இடத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அன்றிலிருந்து ஒழுங்காகக் காலை நீட்டி மடக்குகிறார்.

ஆனால் 'ஐயா' என்று எழுதியிருக்கிறீர்களே, 'தாங்கள்' என்று வேறு. இத்தனை வருஷமாக 'டேய் சின்னவனே, நீ எல்லாம் ஒரு ஆளா' என்று கூப்பிட்ட வாய். மரியாதை கொடுத்து மனிதனைக் கொல்ல உங்களால்தான் முடியும். நாலு அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சரி, அடுத்த கருத்து. டாங்கி ஆட்டம். இரண்டு பேர் சேர்ந்து நம் கோட்டையைக் காப்பாற்ற வேண்டும். எதிரி டாங்கியைச் சுடுகிறோம், சரி. ஆனால் கூட ஆடுபவனின் குண்டு தவறி நம் கோட்டையிலேயே பட்டாலும் ஆட்டம் காலி! செய்தவர்களுக்கு அறிவு வேண்டாமா? எங்கள் பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவர் தப்பு செய்தால் என் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது. நல்லது செய்ய நினைத்துத் தப்பு செய்கிறவனுக்குக் குறுக்கே யாராவது ஒரு பிரேக் போட வேண்டாமா?

எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்கே புரியும். அன்றைக்கு என்னை முழுசாகப் பேசவே விடவில்லை நீங்கள். இப்போதாவது கேளுங்கள். அண்ணியின் நாலு பேர் ஆட்டத்துக் கேசட்டைப் போட்டால் படம் நடுங்கியது. என்னவென்று தேடி ஒரு வீடியோ பார்த்தேன். கேசட்டுக்குள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்துபோனால் சேமித்து வைத்த ஆட்டம் எல்லாம் போய்விடும் என்றான். அண்ணி ஆடி வைத்தது போய்விடக்கூடாதே என்றுதான் ஓடிப்போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தேன். பழையதைக் கழற்றும் நேரத்தில் வெளியிலிருந்து வேறொரு பேட்டரியால் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அந்த நொடியிலேயே எல்லாம் அழிந்துவிடுமாம். அதை அந்தப் பாவி வீடியோவின் கடைசியில் சொல்லியிருக்கிறான். நான் பாதியில் எழுந்துவிட்டேன். கார் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம்தானே தப்பாகும், ஓடிய ஓட்டமெல்லாமா மறந்துபோகும்? கார்க்காரன் புத்தி, அப்படித்தான் நினைத்தேன்.

காப்பாற்றப் போனேன் சகலை. சத்தியமாக.

இப்படிக்கு,
சின்னவன்


பிப்ரவரி 22

சின்னவருக்கு,

டாங்கி ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியது சுத்த அபத்தம். சொந்தக் கோட்டையைச் சுட முடியும் என்பதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். கூட ஆடுபவனால் நமக்கு ஒரு கெடுதலும் வராது என்றால் அவன் கூட ஆடுவதற்கே அர்த்தமில்லை. எதிரியைப் பார்த்துச் சுடுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சுட வேண்டும். ஒரு நாளாவது அப்படிப் பார்த்திருக்கிறீர்களா? பட்டனை அழுத்திவிட்டு அப்புறம்தான் "ஐயோ"!

பேட்டரி மாற்றினாய். சரி. என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? பக்கத்து அறையில்தானே இருந்தேன்? எங்கள் வேலையில், மேலே ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னால் லிஃப்ட் குழிக்குள் குரல் கொடுப்போம். "உள்ள ஆள் இருக்கா?" பதில் வராவிட்டால் இன்னொரு தடவை கொடுப்போம். எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் அதை விடமாட்டோம். நீ குரல் கொடுக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தது.

உனக்கு அதில் என்ன இருந்தது என்றே தெரியாது. சொல்கிறேன். அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவான ஆட்டம். ஊர் ஊராக நடக்க வேண்டும், வழியில் நிற்கிறவர்களிடமெல்லாம் பேச வேண்டும். கிணற்றடியில் ஒருத்தன் நிற்பான், எத்தனை தடவை கேட்டாலும் இன்று நல்ல வெயில் என்பான். அவனிடமும் போய்ப் பேசுவாள் உன் அண்ணி. ஏன் என்று கேட்டால், "உங்களுக்கு மனுஷங்களோட பேசவே பிடிக்காது, அப்புறம் இந்த ஆட்டம் எங்க பிடிக்கும்?" என்பாள். சிகிச்சைக்கு நடுவே வேலைக்குப் போகாத நாட்களில் எல்லாம் அதுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே பார்ப்பேன்.

ஆட்டத்தில் நாலு பேர் சேர்ந்து போக வேண்டும். ஆளுக்கு ஐந்து ஆங்கில எழுத்துக்குள் பேர் வைக்கலாம். முதல் ஆள் அவள், 'பாஸ்'. வாள் வைத்திருப்பவன் நான், 'லிஃப்ட்'. வில்காரி 'குட்டி'. நாலாவது ஆள் 'பிரேக்'. வைத்தியம் பார்க்கிறவன். ஒரு அடி பட்டால் செத்துப்போவான். ஒவ்வொரு தடவையும் அவனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் எழுப்பிக் கூட்டிவர வேண்டும். நான் சொன்னேன், இந்த பிரேக்கை வழியில் விட்டுவிட்டு மூன்று பேராகப் போனால் சீக்கிரம் முடியும் என்று. "அவனை விட்டுட்டுப் போறதுன்னா எனக்கு இந்த ஆட்டமே வேணாம்" என்றாள்.

நீ அழித்தது அதைத்தான். உன்னையும் சேர்த்துத்தான் அழித்தாய்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.


மார்ச் 2

சகலை,

எனக்குத் தெரியாது. நாலாவது ஆள் நான் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் கடிதம் டிரைவிங் ஸ்கூல் முகவரிக்கு வந்தது. மதியம் கார் நிழலில் நின்றபோது படித்தேன். அடுத்து வந்த அம்மாவுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும். "சார், கண்ல என்ன?" என்றார். தூசி என்றேன். நான் என் பக்கத்து பிரேக்கில் காலை வைக்காததால் அவர் சுவர் வரைக்கும் போய்விட்டார். முதலாளி என்னைத்தான் திட்டினார்.

குட்டியிடம் காட்டினேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அக்கா என்கிட்ட சொல்லி சொல்லிச் சிரிப்பா, உன் ஆள் இன்னிக்கும் செத்துட்டாரு, தூக்கிட்டுப் போறேன்னு" என்றாள். இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான்" என்றாள். என் மேல் கோபமாக இருந்துகொண்டே என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

இந்தத் தடவை தப்பான கருத்து எதுவும் இல்லை. டாங்கி ஆட்டத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சுட்டிருக்க வேண்டும். குரல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். என்னைத் தூக்க வேண்டாம். அத்தைக்காகவும் குட்டிக்காகவும் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். நீங்கள் வரும் நாளில் வீட்டில் இருக்காதே என்றால் நான் வெளியே போய்விடுகிறேன்.

சின்னவன்


மார்ச் 19

டேய் சின்னவனே,

வீட்டை விட்டு வெளியே போகிறானாம். பெரிய தியாகி. உட்கார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பொதுவாக நீ சரி என்று ஒத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. நீ தப்பாகப் பேசுவதும் நான் திருத்துவதும்தான் நமக்குச் சரியாக இருக்கிறது. அவள் யாரை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றாளோ அவனை நான் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அது எனக்குள்ளே உறுத்துகிறது. இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

நான் வராததற்கு கேசட் மட்டும் காரணம் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

இங்கே ஒரு பழைய வணிகக் கட்டிடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண். வழக்கம்போலக் குரல் கொடுத்தேன், "பயப்படாதீங்க, திறந்துடறோம்." உள்ளேயிருந்து பதில்: "அவசரமில்ல, மெதுவா வாங்க. நான் பாம்பு ஆடிக்கிட்டிருக்கேன். இப்ப கதவத் திறந்தீங்கன்னா செத்துடும்." பழைய பட்டன் போன் வைத்திருக்கிறார். அதில் இருக்கும் அந்தப் பாம்பு ஆட்டம். சுவரோரமாகவே ஓட்டுங்கள், நடுவுக்கு வராதீர்கள் என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். "சுவரோரமா போறது பயந்தாங்கொள்ளி ஆட்டம்" என்றார். கதவைத் திறக்காமலே நாங்கள் சண்டை போட்டோம். என் உதவியாள் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவருக்கு. முன்னால் ஒரு கல்யாணம் இருந்திருக்கிறது, சரிவரவில்லை, முடிந்துவிட்டது. பாம்பு ஆட்டத்தைப் பற்றி அவர் கருத்து என்ன தெரியுமா? "எல்லா ஆட்டத்துலயும் அடுத்தவன் வந்து கொல்றான். இதுல மட்டும்தான் நாம சாப்பிட்ட சாப்பாடே நம்மள வளைச்சுப் பிடிக்குது. நியாயமான ஆட்டம்" என்கிறார். மதியம் டீ குடிக்கும்போது பேசுவோம். அவளைப் பற்றிக் கேட்பார். நான் சொல்வேன். கிணற்றடி ஆளைக்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பார்.

எங்களுக்குக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியிருக்கிறது.

இப்போது புரிகிறதா? அத்தை வீட்டு வாசலில் நான் எந்த முகத்தோடு நிற்பது? அவள் இருந்தவரை நான் பெரிய மாப்பிள்ளை. அவள் போன பிறகும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு நான் அந்த வீட்டுக்கு யார்? நீ எனக்கு யார்? சகலை என்கிற உறவே இரண்டு அக்கா தங்கையால் வருவதுதானே? ஒரு பக்கத்துக் கயிறு அறுந்த பிறகு லிஃப்டை யாரும் நம்பி ஏறமாட்டார்கள்.

யோசித்து எழுது. அவசரப்பட்டு பட்டனை அழுத்தாதே.

பெரியவன்


ஏப்ரல் 4

அன்புள்ள சகலைக்கு,

இந்தத் தடவை குரல் கொடுத்துவிட்டுத்தான் செய்தேன். எனக்கு மட்டும் எழுதியதா, இவர்களுக்கும் சேர்த்தா என்று தெரியாமல் உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் குட்டியிடம், "மாமா ஒரு விஷயம் எழுதியிருக்காரு. படிச்சா உனக்குக் கஷ்டமா இருக்கும். படிக்கிறியா?" என்று கேட்டேன். கொடுங்கள் என்றாள்.

பொய் சொல்ல மாட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள் என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். குட்டி நின்றபடியே படித்தாள். மேஜையில் வைத்தாள். உள்ளே போய், கழுவி வைத்த டம்ளர்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள்: "வயசு என்னவாம்?" எனக்குத் தெரியாது என்றேன்.

அத்தையிடம் நான்தான் வாசித்துக் காட்டினேன். அன்றைக்குக் கால் பயிற்சிகூடச் செய்யவில்லை. மறுநாள் காய் நறுக்கும்போது தானாகவே சொன்னார்: "அவர் செய்யறதுல தப்பில்ல. எத்தனை நாளைக்குத்தான் தனியா கெடப்பாரு? எல்லாம் தெரியுது எனக்கு. ஆனா வயிறு எரியுதுப்பா. எம் பொண்ணு பட்டுப்புடவைய நேத்துகூட எடுத்து மடிப்பு மாத்தி வெச்சேன்." சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். குட்டி வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு சாஸ்திரம் தெரியாது. ஆனால் அத்தை அழுது முடித்துவிட்டுக் கேட்டது இதுதான்: "பெரிய மாப்பிள்ளை எப்ப வராராம்?" நீங்கள் கடிதத்தில் கேட்ட கேள்வி அவருக்குப் புரியவே இல்லை சகலை. இன்னொரு தடவை வாசித்துக் காட்டினேன். அப்போதும் புரியவில்லை. "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்கிறார்.

அதனால் வாருங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முகம் திருப்பிக்கொள்வார்கள், அழுவார்கள், பேச்சு பாதியில் நின்றுபோகும். எல்லாம் நடக்கும். அதற்காக வராமல் இருக்காதீர்கள். நீங்கள் வராவிட்டால் இந்த வீட்டில் இரண்டு பேர் போனதாக ஆகிவிடும். ஒன்றையே எங்களால் தாங்க முடியவில்லை.

பாம்பு ஆட்டத்தில் நான் அவர் கட்சி. சுவரோரமாகப் போகிறவன் பயந்தாங்கொள்ளிதான்.

உங்கள் சகலை


ஏப்ரல் 13

சின்னவனே,

சுவரோரமாகப் போகிறவன்தான் கடைசி வரை இருப்பான். நடுவில் வீரம் காட்டியவன் தன் வாலைத் தானே கடித்துச் சாவான். உனக்கும் அவருக்கும் ஒரே புத்தி.

குட்டி கேட்டதற்குப் பதில்: குட்டியைவிட இரண்டு வயது சின்னவர். இதைச் சொல்வது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். "நாம போனா அவங்க வலி அதிகமாகும், போகலன்னாலும் அதிகமாகும். அப்ப போயே வலிக்கட்டும்" என்றார். முப்பது மாடி லிஃப்டின் கூரை மேல் நின்று வேலை பார்க்கிறவன் நான். அத்தை வீட்டு நாலு படியை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அடுத்த மாத முதல் சனிக்கிழமை வருகிறோம். இரண்டு நாள். அதிகமாக எதுவும் சமைக்க வேண்டாம் என்று சொல். நீ வீட்டில் இருக்க வேண்டும். எங்கேயாவது தொலைந்துபோனால் கொன்றுவிடுவேன்.

பெரியவன்


மே 10

அன்புள்ள சகலைக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. என் நம்பருக்கு விடுதலை கொடுத்ததற்கு நன்றி. இருந்தாலும் இதை போனில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் இருந்தபோது நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். வாசலில் அத்தை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றது, நீங்கள் குழந்தை மாதிரி அழுதது, எல்லாம். பஸ்ஸில் ஏறும்போது, "அத்தை ஏத்துக்கிட்டாங்க. குட்டிதான்..." என்று பாதியில் விட்டீர்கள். எனக்கும் அதே கவலைதான். இரண்டு நாளும் குட்டி அவரிடம் வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்று ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் பேசுகிற மாதிரி பேசினாள். ஒரு தடவைகூட முகம் பார்க்கவில்லை. என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிட வேண்டி வந்தபோதெல்லாம் பக்கத்தில் போய் நின்றாள்.

அவருடைய கட்டை ஆட்டத்தைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அது ஆட்டமே இல்லை. வரிசையை நிறைக்கவே மாட்டேன் என்கிறார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் படிக்கட்டு கட்டுகிறார். முட்டிக்கொண்டு செத்ததும், "படி நல்லா வந்துச்சுல்ல?" என்று கேட்கிறார்! நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அத்தைதான் தாங்க முடியாமல், "அங்க போடாத, இந்தப் பக்கம் போடு, இந்தப் பக்கம்!" என்று கத்தினார். அப்போது குட்டி கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சிரிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை.

நீங்கள் போன மறுநாள் காலை. அத்தை தரையில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். நான் ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். குட்டி நீங்கள் படுத்திருந்த அறையில் தலையணை உறைகளை உருவிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள்:

"ஏங்க, அக்கா சார்ஜர விட்டுட்டுப் போயிட்டாங்க பாருங்க."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அத்தை மடக்கிய காலை நீட்டாமல் என்னைப் பார்த்தார். தன்னைவிட இரண்டு வயது சின்னவரை, சகலை! அண்ணி போனதிலிருந்து யாரையும் அவள் அந்த வார்த்தையால் கூப்பிட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணை, கடைக்காரம்மாவை, ஒருத்தரையும் இல்லை. உள்ளே உறை உதறும் சத்தம் பாதியில் நின்றது. அவள் சொன்னது அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். திருத்திச் சொல்வாளோ என்று பயந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் இருந்தோம். சொல்லவில்லை. உறையைத் தோளில் போட்டுக்கொண்டு, சார்ஜரைச் சுருட்டியபடியே வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "குடு, இன்னிக்கே கூரியர்ல அனுப்பிடறேன்" என்றேன்.

"எதுக்கு? வந்து எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் சகலை